இஃப் வந்தால் வில் வந்தே தீர வேண்டுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் இப்போதே படியுங்கள். மற்றவர்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள். என்னிடம் படித்து இன்று ஆங்கில ஆசிரியர்களாக இருக்கிறவர்கள் மட்டும் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். இன்றைய சண்டை உங்களோடுதான்.

நாளைக்கு நடக்கக்கூடிய ஒரு காரியத்தை ‘இஃப்’ போட்டு ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? இதை நாம் ஒரு வாய்ப்பாடாக்கி வைத்திருக்கிறோம். இஃப் பக்கம் பிரசன்ட் டென்ஸ், மறுபக்கம் வில். ஈரிரண்டு நாலு என்பது போலப் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். கோடிட்ட இடத்தை நிரப்புகிறார்கள், மார்க் வாங்குகிறார்கள். அதோடு சரி. இந்த வாய்ப்பாடு பாதிதான் உண்மை. மீதிப் பாதி பிள்ளைகளின் வாயை அடைக்கிறது. வாயை மட்டும் அடைத்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். அதைவிடப் பெரிய தீமை ஒன்று செய்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் காலாண்டுத் தேர்வு விடைத்தாளோடு வீட்டுக்கு வந்தாள். அம்மா அகல் விளக்குப் பட்டறையில் வேலை. எந்தப் பள்ளி, யார் திருத்தியது என்பதெல்லாம் நமக்கு வேண்டாம். இரண்டு இடத்தில் சிவப்பு மை. முதல் கேள்வி, ‘இஃப் இட் ரெய்ன்ஸ் டுமாரோ’ என்று தொடங்கும் வாக்கியத்தை முடிக்கச் சொல்கிறது. அவள் எழுதியது: ‘வி மே லூஸ் அவர் லேம்ப்ஸ்.’ நாளைக்கு மழை பெய்தால் எங்கள் விளக்குகள் வீணாகப் போனாலும் போகும் என்று அர்த்தம். ‘மே’யை அடித்து மேலே ‘வில்’ என்று எழுதியிருக்கிறது. அரை மார்க் போச்சு.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இந்த வாக்கியத்தை விளக்க வேண்டியதில்லை. வெளியூரில் இருக்கிற உறவுகளுக்காகச் சொல்கிறேன். கார்த்திகை தீபத்துக்கு விளக்கு செய்து அனுப்புகிற ஊர் இது. விளக்கு விற்கிற காலமும் வடகிழக்குப் பருவமழைக் காலமும் ஒன்றாகவே வந்து தொலைகின்றன. அச்சிலிருந்து எடுத்த பச்சை விளக்கு காய்ந்தால்தான் சூளைக்குப் போகும். மழை தூறலோடு நின்றால் பலகைகளை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். ராத்திரி முழுக்க அடித்தால் ஒரு நாள் வேலை போகும். எவ்வளவு போகும் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. அந்த வீட்டுப் பிள்ளை ‘மே’ என்று எழுதியது தெரியாமல் எழுதியது இல்லை. தெரிந்து எழுதியது. ‘வில்’ என்று எழுதியிருந்தால்தான் அவள் தனக்குத் தெரிந்ததற்கு மேலே பேசியதாகும்.

ஆங்கிலத்தில் அந்த இடத்தில் வில் வரலாம். மே வரலாம், கேன் வரலாம், மஸ்ட் வரலாம், ஷுட் வரலாம். வெறும் கட்டளையும் வரலாம். ‘இஃப் இட் ரெய்ன்ஸ், பிரிங் தி லேம்ப்ஸ் இன்’: மழை வந்தால் விளக்கை உள்ளே எடுத்து வை. இதில் வில் எங்கே இருக்கிறது? இங்கிலாந்தில் பிறந்த எவரும் இந்த வாக்கியத்தைத் தவறென்று சொல்ல மாட்டார். நம் நோட்ஸ் புத்தகம் சொல்லும்.

சரி, இஃப் பக்கத்துக்கு வருவோம். நாளைக்குப் பெய்யப்போகிற மழைக்கு ஏன் பிரசன்ட் டென்ஸ்? ‘இஃப் இட் வில் ரெய்ன்’ என்று ஏன் எழுதக் கூடாது? இந்தக் கேள்வியை எல்லா வகுப்பிலும் ஒரு பிள்ளையாவது கேட்கும். ‘அது ரூல், அப்படியே மனப்பாடம் பண்ணு’ என்றுதான் பெரும்பாலும் பதில். பிள்ளையின் வாயிலேயே பதில் இருக்கும்போது எதற்கு மனப்பாடம்?

கரும்பலகையில் இரண்டு வரிசை எழுதுங்கள். வந்தான், போனான், கேட்டான், குடித்தான். பக்கத்தில் வந்தால், போனால், கேட்டால், குடித்தால். கடைசி எழுத்து மட்டும் மாறுகிறது. முன்னால் இருக்கிற உடம்பு அப்படியே இறந்தகாலத்து உடம்பு. ‘நாளைக்கு மாமா வந்தால் கோழி அடிக்கலாம்’ என்கிறோம். மாமா இன்னும் பஸ்ஸே ஏறவில்லை. ஆனாலும் ‘வந்த்’ என்கிற இறந்தகால அடியைத்தான் எடுத்துப் போடுகிறோம். ‘வருவால்’ என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. மூன்று வயதுப் பிள்ளைகூட அந்தப் பிழையைச் செய்யாது. ஆக, ‘ஆனால் ஆகும்’ என்கிற வாக்கியத்தில் எதிர்காலத்தை ஒரு தடவை சொன்னால் போதும், அதைக் கடைசியில் இருக்கிற வினையே பார்த்துக்கொள்ளும் என்பது தமிழ்ப் பிள்ளைக்குப் பிறவியிலேயே தெரிந்த சங்கதி. ஆங்கிலம் அந்த இடத்தில் நிகழ்காலத்தைப் போடுகிறது, நாம் இறந்தகால அடியைப் போடுகிறோம். வித்தியாசம் அவ்வளவுதான். இரண்டு பேருமே எதிர்காலத்தைப் போடுவதில்லை.

வடக்கே வேலை பார்க்கிற நம் பையன்கள் இந்தியில் கவனித்திருப்பார்கள். ‘அகர் பாரிஷ் ஹுயி தோ’ என்பார்கள். அதுவும் நடந்து முடிந்ததைச் சொல்கிற வடிவம்தான், பேச்சு நாளைய மழையைப் பற்றி. இத்தாலியர்கள் இரண்டு பக்கமும் எதிர்காலத்தையே போட்டுச் சொல்வதும் உண்டு. ஒவ்வொரு மொழிக்கும் ஒரு பழக்கம். ஆங்கிலத்துக்கும் இது பழக்கம், வேதவாக்கு இல்லை. பழைய ஆங்கிலப் புத்தகங்களில், 1611இல் வந்த பைபிள் மொழிபெயர்ப்பு உட்பட, இந்த இடத்தில் வேறொரு வடிவம் நிறைய வரும். ‘இஃப் நீட் பி’ என்று இன்றும் சொல்கிறார்களே, அது அந்தக் காலத்து மிச்சம். ‘இஃப் நீட் இஸ்’ என்று யாரும் திருத்துவதில்லை.

தமிழாசிரியர்கள் கோபித்துக்கொள்ளாமல் இருக்க இதையும் சொல்லிவிடுகிறேன். தொல்காப்பியமும் நன்னூலும் ‘செயின்’ என்று ஒரு வினையெச்சத்தைச் சொல்கின்றன. பெய்யின், வரின், காணின் எல்லாம் அந்த இனம். நன்னூல் வினையெச்ச வாய்பாடுகள் பன்னிரண்டைக் காலவாரியாகப் பிரிக்கும்போது இந்தச் செயினை எதிர்காலக் கூட்டத்தில்தான் வைக்கிறது. அந்த வேலையை இன்றைய பேச்சில் ‘செய்தால்’ எடுத்துக்கொண்டது. வடிவம் இறந்தகாலம், வேலை எதிர்காலம். இதைத் தமிழ் வகுப்பில் படித்துவிட்டு அடுத்த மணியில் ஆங்கில வகுப்புக்கு வருகிற பிள்ளைக்கு, இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது என்று சொல்ல நமக்கு ஏன் மனம் வருவதில்லை? ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்று போர்டு மாட்டிய நிர்வாகங்கள் இருக்கிற காலம். வேறென்ன சொல்வது.

உண்மையில் நம் பிள்ளை தடுக்கி விழுகிற இடம் இது இல்லை. வேறு இடம். தமிழில் ‘கொதிக்கும்’ என்றால் நாளைக்குக் கொதிக்கப்போவதும் அதுதான், என்றைக்கும் கொதிப்பதும் அதுதான். ‘ஈரமான விளக்கைச் சூளையில் வைத்தால் வெடிக்கும்.’ இது உலகம் முழுக்க, எந்நாளும் உண்மை. உள்ளே இருக்கிற நீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் மண்ணைப் பிளக்கிறது. ‘இந்த விளக்கு இன்னும் காயவில்லை, இதை வைத்தால் வெடிக்கும்.’ இது இன்றைக்கு, இந்த ஒரு விளக்கைப் பற்றிய எச்சரிக்கை. தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘வெடிக்கும்’. ஆங்கிலத்தில் முதலாவதற்கு ‘கிராக்ஸ்’ என்றாலே போதும், இரண்டாவதற்கு ‘வில் கிராக்’. பொது உண்மை ஒன்று, கண்ணெதிரே வரப்போகிற காரியம் இன்னொன்று. இந்த இடத்தில்தான் ஆசிரியர் நின்று, அரை மணி நேரம் செலவழித்து, பத்து உதாரணம் சொல்ல வேண்டும். நம் நோட்ஸில் இதற்கு ‘ஜீரோ கண்டிஷனல்’ என்று பெயர் போட்டு ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பல நோட்ஸில் அந்த வரியும் இல்லை.

இன்னும் சில இடங்களைத் தமிழே வழிகாட்டிக் கடத்திவிடும். ‘அன்லெஸ்’ வந்தால் பிள்ளைகள் கூடவே ஒரு ‘நாட்’டையும் சேர்த்து எழுதிவிடுவார்கள். ‘படித்தாலொழியத் தேற முடியாது’ என்கிற வாக்கியத்தைச் சொல்லிக் கொடுங்கள். படித்தால் என்பதில் எதிர்மறை இல்லை, ஒழிய என்பதில் இருக்கிறது. அன்லெஸ் என்பது அந்த ஒழிய. அப்புறம் எந்தப் பிள்ளை தப்புச் செய்யும்? ‘ஈவன் இஃப்’ வேண்டுமா, ‘பெய்தால்’ ஓர் உம்மை வாங்கிக்கொண்டு ‘பெய்தாலும்’ ஆகிறது, முடிந்தது கதை. ‘இன் கேஸ்’ கொஞ்சம் வம்பு. மழை வந்தால் குடையை எடு என்பது வேறு, மழை வந்தாலும் வரலாம், குடையை எடுத்துப் போ என்பது வேறு. முதலாவதில் மழை வந்த பிறகுதான் குடை. இரண்டாவதில் மழைக்கு முன்னாலேயே குடை கையில். அம்மாக்கள் தினமும் சொல்கிற வாக்கியம் இது.

இஃப் எது, வென் எது என்பதும் இப்படித்தான். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. நம் பக்கத்து முந்திரிக்காரர்கள் அந்தத் தேதியைப் பிள்ளை பிறந்த தேதி மாதிரி நினைவில் வைத்திருப்பார்கள். ஒரு புயல் வங்கக் கடலில் எங்கோ சுழலும்போது ‘நம் பக்கம் வந்தால்’ என்று பேசுகிறோம். வருவது உறுதியான பிறகு ‘கடக்கும்போது யாரும் வெளியே வராதீர்கள்’ என்கிறோம். வந்தால் என்பது இஃப், கடக்கும்போது என்பது வென். இரண்டையும் மாற்றிப் போட்டால் எச்சரிக்கையே கெட்டுப்போகும். புயல் அறிவிப்பை வைத்து இதை நடத்தினால் ஒரு பிள்ளைக்கும் மறக்காது.

இனி அந்த 1, 2, 3 கதைக்கு வருகிறேன். டைப் 1 நடக்கக்கூடியது, டைப் 2 நடக்க வாய்ப்பில்லாதது, டைப் 3 நடக்கவே முடியாதது. ரேஷன் அட்டை மாதிரி மூன்று நிறம். எனக்குத் தெரிந்த பையன், நம் ஊர் செராமிக் டிப்ளமோ முடித்தவன், வெளியூரில் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனான். ‘இஃப் தி கில்ன் டெம்பரேச்சர் டிராப்ஸ், வாட் வில் யூ டூ?’ என்று கேட்டார்கள். சூளை வெப்பம் திடீரென்று இறங்கினால் என்ன செய்வாய்? அவன் அப்பா சூளைக்காரர். அவனுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் தெரியும். அவன் சும்மா உட்கார்ந்திருந்தான். ‘டைப் ஒன்னா, டூவான்னு யோசிச்சேன் சார்’ என்று என்னிடம் வந்து சொன்னான். பர்னரைப் பார்ப்பேன், எரிபொருள் வருகிறதா என்று பார்ப்பேன், சூளைக் கதவைத் திறக்க மாட்டேன். மூன்று சின்ன வாக்கியம். வில் போட்டோ, கேன் போட்டோ, எதுவும் போடாமலோ சொல்லியிருக்கலாம். எதிரில் இருந்தவர்களுக்கு வேண்டியது சூளை, இலக்கணம் இல்லை. நாம் அவனுக்குக் கொடுத்து அனுப்பியது இலக்கணமும் இல்லை, வாய்ப்பாடு.

அந்த மூன்று பெட்டிகளின் உதாரணங்களைப் பாருங்கள். டைப் 2 என்றால் எல்லா நோட்ஸிலும் ‘எனக்கு லாட்டரி விழுந்தால்’. தமிழ்நாட்டில் லாட்டரியை 2003இல் தடை செய்துவிட்டார்கள். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, நோட்ஸுக்குச் சேதி வந்து சேரவில்லை. இல்லாவிட்டால் ‘நான் பறவையாக இருந்தால்’. ஒரு பிள்ளை வாழ்க்கையில் எத்தனை தடவை ‘நான் பறவையாக இருந்தால்’ என்று சொல்ல வேண்டி வரும்? ‘நாளைக்கு பஸ் வராவிட்டால்’ என்று மாதத்தில் பத்து நாள் சொல்ல வேண்டி வரும்.

பெட்டிகளில் இருக்கிற பெரிய பொய் உதாரணத்தில் இல்லை, பெயரில் இருக்கிறது. நடக்கக்கூடியது, நடக்க வாய்ப்பில்லாதது என்று யார் சொல்வது? காரியமா வந்து சொல்கிறது? பேசுகிறவர் சொல்கிறார். ஒரே காரியத்தை ஒருவர் டைப் 1இல் சொல்லுவார், இன்னொருவர் டைப் 2இல் சொல்லுவார், இரண்டு பேருடைய ஆங்கிலமும் சரியாகவே இருக்கும்.

நம் ஊரிலேயே நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 2005இல் விஜயகாந்த் கட்சி ஆரம்பித்தார். 2006 சட்டமன்றத் தேர்தலில் நம் விருத்தாசலத்தில் வந்து நின்றார். நான் எந்தக் கட்சியும் இல்லை, இலக்கணத்துக்காக மட்டும் சொல்கிறேன். டீக்கடையில் அவர் ரசிகர்கள் ‘கேப்டன் ஜெயிச்சா ஊருக்கு இது வரும், அது வரும்’ என்று அடுக்குவார்கள். பக்கத்து பெஞ்சில் இருக்கிற பெரியவர் ‘ஜெயிச்சாத்தானே!’ என்று சிரிப்பார். ஆங்கிலத்தில் சொல்வதானால் ரசிகர் ‘இஃப் ஹி வின்ஸ், ஹி வில்’ என்பார், பெரியவர் ‘இஃப் ஹி வன், ஹி வுட்’ என்பார். எது சரி? இரண்டும் சரி. முதலாமவர் அது நடக்கும் என்று வாசலைத் திறந்து வைத்திருக்கிறார், இரண்டாமவர் சாத்திவிட்டார். அந்தத் தேர்தலில் அவர் கட்சியிலிருந்து ஜெயித்த ஒரே ஆள் அவர்தான், அதுவும் நம் தொகுதியில். அதனால் பெரியவர் பேசிய இலக்கணம் தவறாகிவிட்டதா? ஆகவில்லை. அவர் கணக்குத்தான் தவறியது. இலக்கணம் காட்டுவது பேசுகிறவர் மனசு வைத்திருக்கிற கணக்கை.

இப்போது அந்தப் பெண்ணின் விடைத்தாளில் இருந்த இரண்டாவது சிவப்பு மைக்கு வருகிறேன்.

கேள்வியில் மூன்று குறிப்புச் சொல் கொடுத்திருந்தார்கள்: இஃப், பிகம், கலெக்டர். வாக்கியமாக்க வேண்டும். அவள் எழுதியது: ‘இஃப் ஐ பிகம் தி கலெக்டர், ஐ வில் பில்ட் எ பிக் ஷெட் டு டிரை தி லேம்ப்ஸ்.’ நான் கலெக்டர் ஆனால் விளக்கு காயவைக்க ஒரு பெரிய கொட்டகை கட்டுவேன். எழுத்துப்பிழைகூட இல்லை. ‘பிகம்’மை அடித்து ‘பிகேம்’, ‘வில்’லை அடித்து ‘வுட்’. ஓரத்தில் ‘டைப் 2’ என்று ஒரு குறிப்பு. இதில் ஒரு மார்க் போச்சு.

இந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை எங்கே இருக்கிறது என்று 11 வயதிலிருந்து 70 வயது வரை எந்த ஆங்கிலக்காரரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் நடக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறாள். படிப்பு இருக்கிறது, தேர்வு இருக்கிறது, கலெக்டர் பதவி இருக்கிறது. லாட்டரி மாதிரி தடை செய்யவில்லை. அவள் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுகிறாள். அதை ‘பிகேம், வுட்’ என்று மாற்றினால் அர்த்தம் என்ன தெரியுமா? ‘நான் எங்கே கலெக்டர் ஆவது, ஒரு பேச்சுக்கு ஆனால், கட்டுவேன்.’ இதுதான் அர்த்தம். அவள் சொல்லாத ஒன்றை அவள் வாயில் திணித்து, அதுதான் சரியான ஆங்கிலம் என்று கையெழுத்தும் போட்டாகிவிட்டது.

திருத்தியவர் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார். அவர் கையில் விடைக்குறிப்பு, விடைக்குறிப்பில் ‘டைப் 2’. கலெக்டர், பிரதமர், கோடீஸ்வரன் வந்தால் டைப் 2 என்பது நோட்ஸ் போடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம். மழை வந்தால் டைப் 1, கலெக்டர் வந்தால் டைப் 2. பிள்ளைகளும் அப்படியே படிக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் இதையே எழுதி எழுதி, தோற்பது, மழை, பஸ் தவறுவது, காய்ச்சல் எல்லாம் நடக்கக்கூடியவை, பெரிய பதவியும் பெரிய வீடும் நடக்க வாய்ப்பில்லாதவை என்று ஒரு பிள்ளை கற்றுக்கொள்கிறது. இதைத்தான் மேலே பெரிய தீமை என்று சொன்னேன். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இந்த வாக்கியம் ஒன்றும் செய்யாது. அவன் அப்பாவோ சித்தப்பாவோ அந்தப் பதவியில் இருப்பார், நோட்ஸ் சொல்வதை அவன் காதில் போட்டுக்கொள்ள மாட்டான். விளக்குப் பலகை தூக்குகிற வீட்டுப் பிள்ளைக்கு இப்படிச் சொல்ல வேறு ஆள் கிடையாது, ஆங்கிலப் புத்தகம்தான் சொல்கிறது.

‘நான் இப்போதே கலெக்டராக இருந்தால்’ என்பது வேறு. ‘இஃப் ஐ வேர் தி கலெக்டர்.’ இன்று காலையில் அவள் கலெக்டர் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் அது கற்பனைதான், வுட்தான். அதைக் கேட்க வேண்டுமென்றால் வேர் போட்டுக் கேட்க வேண்டும். பிகம் என்று குறிப்பைக் கொடுத்துவிட்டு, ஆவேன் என்று ஒரு பிள்ளை எழுதினால் ஆகமாட்டாய் என்று திருத்துவதற்கு எந்த இலக்கணமும் நமக்கு அதிகாரம் கொடுக்கவில்லை.

‘பெரியப்பா, நீங்கள் சொல்வதெல்லாம் சரி, ஆனால் மார்க் யார் கொடுப்பது’ என்று என் தம்பி மகன் கேட்டான். அவன் டியூஷன் எடுக்கிறவன். நியாயமான கேள்வி. ஒரு வகுப்பில் 50 பிள்ளை, திருத்த மூன்று நாள், பத்தாம் வகுப்பில் இரண்டு தாள் ஒரே தாளாகிப் பல வருடமாகிறது. இலக்கணத்துக்கு இருக்கிற இடம் அதில் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் வாய்ப்பாடுதான் பாதுகாப்பு என்கிறான். நான் அவனிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன். கோடிட்ட இடத்தில் ‘ரெய்ன்ஸ்’ என்று எழுதச் சொல்லி மார்க் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அதற்கு ஒரே விடைதான். ஆனால் ‘வாக்கியத்தை முடி’ என்று சொல்லிவிட்டால், முடிக்கிற உரிமை பிள்ளையுடையது. அங்கே ஒரே விடை என்று எழுதி வைத்திருந்தால் அது விடைக்குறிப்பின் தவறு. விடைக்குறிப்புத் தயாரிக்கிறவர்களும் நம் மாணவர்கள்தானே, வானத்திலிருந்தா வருகிறார்கள்? வாய்ப்பாடு தெரிந்த பிள்ளை தேர்வில் வாங்குகிற மார்க்கை, மழையையும் சூளையையும் பஸ்ஸையும் பற்றி நூறு வாக்கியம் பேசிப் பழகிய பிள்ளையும் வாங்கும். பேசிப் பழகிய பிள்ளை இன்டர்வியூவில் வாயையும் திறக்கும்.

இன்னொருவர், என்னோடு வேலை பார்த்தவர், ‘இஃப் பக்கத்தில் வில் வரவே கூடாது என்றாவது அடித்துச் சொல்லலாமே, அது கூடவா பிழை’ என்று போனில் கேட்டார். முதல் படியில் சொல்லலாம். பிறகு ஒரு நாள் ‘இஃப் யூ வில் வெயிட் எ மினிட், ஐ வில் கால் ஹிம்’ என்று எங்காவது கேட்டால் பிள்ளை குழம்பும். அங்கே வில் என்பது எதிர்காலம் இல்லை. தயவு செய்து ஒரு நிமிடம் இருக்க முடியுமானால், கூப்பிடுகிறேன் என்கிற மரியாதை. பேங்கிலும் ஓட்டல் கவுண்டரிலும் கேட்கிற வாக்கியம். இதையும் பத்தாம் வகுப்புக்குள் காதில் போட்டுவிட்டால் போகிறது.

ஆங்கிலம் நடத்துகிற என் மாணவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். அரையாண்டுத் தேர்வுக்கு விடைக்குறிப்பு எழுதும்போது, இஃப் கேள்விக்கு எதிரே வில் மட்டும் எழுதாமல் மே, கேன், மஸ்ட், கட்டளை எல்லாம் ஏற்கலாம் என்று ஒரு வரி சேருங்கள். கலெக்டர், டாக்டர், விஞ்ஞானி என்று ஒரு பிள்ளை ஆவேன் என்று எழுதியிருந்தால் பேனாவை மூடி வைத்துவிட்டு முழு மார்க் போடுங்கள். லாட்டரியை எடுத்துவிட்டு நம் ஊரில் இருக்கிற எதையாவது வையுங்கள். சூளை, முந்திரி, ஜங்ஷனில் லேட்டாக வருகிற ரயில், மணிமுத்தாற்றில் வருகிற தண்ணீர், எதுவும் ஆகும்.

அந்தப் பெண்ணின் அம்மா, அந்த ஒன்றரை மார்க்குக்காகப் பள்ளியில் போய்ப் பேசலாமா என்று கேட்டார். பேசுங்கள் என்றேன், இரண்டு வாக்கியமும் ஏன் சரி என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்திருக்கிறேன். அதே தாளைப் படம் எடுத்து இந்தப் பதிவோடு போடுகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் காலாண்டு விடைத்தாளில் இது மாதிரி அடித்திருந்தால் எனக்கு அனுப்புங்கள், பள்ளியின் பெயரையும் பிள்ளையின் பெயரையும் மறைத்துவிட்டு. விருத்தாசலத்தில் இருப்பவர்கள் நேரிலேயே கொண்டு வரலாம். காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருக்கிறேன்.